மிச்சத்தில் செய்த கால்

லிஃப்ட் மெக்கானிக்கின் இடதுகைச் சுண்டுவிரல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இல்லாமல் போயிற்று. வெட்டுப்படவில்லை, நசுங்கவில்லை, ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. வாய் கொப்பளிக்கக் குனிந்தபோது இருந்தது, நிமிர்ந்தபோது இல்லை. விரல் இருந்த இடத்தில் தோல் வழவழவென்று மூடிக்கொண்டு, இங்கே என்றைக்குமே எதுவும் முளைத்ததில்லை என்று சாதித்தது. தண்ணீரோடு போயிருக்குமோ என்று அவர் வாஷ்பேசினின் அடிக்குழாயைக் கழற்றிப் பார்த்தார். எதையும் கழற்றிப் பார்ப்பதுதான் அவர் தொழில். உள்ளே தலைமுடியும், மனைவி வருஷக்கணக்கில் தேடிக்கொண்டிருந்த ஒரு திருகாணியும்தான் இருந்தன. குழாயைத் திரும்ப மாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய், "ஏம்மா, கொஞ்சம் இங்க பாரேன்" என்று திருகாணியை முதலில் நீட்டினார், பிறகு கையை நீட்டினார். அப்படிப்பட்ட மனிதர்.

அவர் மனைவியைக் கட்டடத்தில் எல்லோரும் கம்மல்காரி என்பார்கள். பாலிமர் களிமண்ணில் கம்மலும் பதக்கமும் பொத்தானும் செய்து விற்றுவந்தாள். பெயர்தான் களிமண், மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிளாஸ்டிக்கை மாவாகப் பிசைந்த மாதிரி, கலர் கலராகக் கட்டிகளில் வரும். கைச்சூட்டில் பிசைந்து இளக்கி, கைப்பிடி சுற்றும் உருளையில் கொடுத்துத் தகடாக்கி, அச்சால் வெட்டி, மேஜை மேல் வைக்கிற சின்ன மின்னடுப்பில் சுட்டால் இறுகிவிடும். வெட்டியதுபோக ஓரங்கள் மிஞ்சும். உள்ளே பூ வைத்துச் சுருட்டிய உருளையை வில்லை வில்லையாக அரிந்தால் ஒவ்வொன்றிலும் அதே பூ வரும், ஆனால் இரண்டு முனைகளிலும் பூ கோணிக்கொண்டு பல் இளிக்கும். அந்த முனைகளும் மிச்சம்தான். கம்மல்காரி எதையும் எறிந்தவளில்லை. எல்லா மிச்சத்தையும் ஒன்றாகப் பிசைந்தால் சேற்று நிறம்தான் வரும் என்பதால் சிவப்புக் குடும்பம், நீலக் குடும்பம், எங்கும் சேராத அனாதைகள் என்று பிஸ்கட் டப்பாக்களில் பிரித்து வைத்திருந்தாள். பெரிய மணி செய்யும்போது உள்ளே மிச்சத்தை உருட்டி வைத்து மேலே புதுக் களிமண்ணைப் போர்த்துவாள். வெளியே தெரியாத இடத்துக்கு மிச்சம் போதும் என்பது அவள் கணக்கு.

விரல் குறைந்தால் கம்பெனியில் லிஃப்ட் குழிக்குள் இறங்க விடமாட்டார்கள். அதற்காகத்தான், கையுறைக்குள் காலியாகத் தெரியாமல் இருக்கட்டும் என்று, ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்ட ரோஜா நிறக் கம்மல்களில் மிஞ்சியதை எடுத்து ஒரு விரல் பிடித்தாள். நகம்கூடக் கீறினாள். சுட்டு ஆறவைத்து, ஒட்டுவதற்குப் பசை எடுக்கத் திரும்பியபோது அவர் அதைச் சும்மா வைத்துப் பார்த்தார். அது பிடித்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. பிறகு அது மடங்கியது.

"இது மடங்குதும்மா," என்றார்.

"விளையாடாதீங்க."

"நான் எங்க விளையாடறேன்? அதுதான் மடங்குது."

அவர்களோடு இருந்த அவருடைய அக்கா, டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பக்கத்தில் இருப்பவரிடமும் வெளியூர்க்காரரிடம் பேசுகிற சத்தத்தில்தான் பேசுவார். கட்டடத்துக்கு அவர் டெலிபோன் அக்கா. வந்து, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பழசைவிட லட்சணமா இருக்குடா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் அந்த விரலை ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார் மெக்கானிக். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், பெரிய ஆஸ்பத்திரி திரும்ப இந்த டாக்டரிடமே அனுப்பியது. கடைசியில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இதுக்குப் பேர் இல்லம்மா. பேர் இல்லாததுக்கு மருந்து எப்படி எழுதறது?" என்று கேட்டார். ஆனாலும் வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கம்மல்காரி அதை வேளை தவறாமல் கொடுத்துவந்தாள். கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இடது காது போயிற்று.

காதுக்கு அவள் மிச்சத்தைத் தொடவில்லை. காது எல்லோர் கண்ணிலும் படுகிற சமாச்சாரம். புதுக்கட்டி வாங்கி, வெள்ளையும் பழுப்பும் துளி மஞ்சளும் கலந்து, அவர் கன்னத்தின் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்து, அச்சு அசலாக அவர் நிறத்துக்குக் கொண்டுவந்தாள். அவள் கைத்தொழிலில் அதுபோல ஒரு வேலை அதற்கு முன்பு அமைந்ததில்லை. அந்தக் காது வைத்த மாத்திரத்தில் கீழே விழுந்தது. பசை போட்டாள், விழுந்தது. மறுபடி சுட்டாள், விழுந்தது. ஆத்திரத்தில் அனாதை டப்பாவைக் கவிழ்த்து, பச்சையும் காவியும் ஊதாவுமாகக் கையில் வந்ததை உருட்டி ஒரு காதை அவசரமாகப் பிடித்துச் சுட்டு வைத்தாள். அது ஒட்டிக்கொண்டது மட்டுமில்லை, மாடியில் குழாய் சொட்டுவதும் அதற்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவள் எத்தனையோ தந்திரம் செய்து பார்த்தாள். புதுக்கட்டியைத் துண்டு துண்டாக வெட்டி டப்பாவில் ஒரு மாதம் ஊறவைத்தாள். வேண்டுமென்றே தாராளமாக ஓரம் விட்டு வெட்டினாள். களிமண் ஏமாறவில்லை. யாருக்கோ எதையோ உண்மையாகச் செய்து, அதில் தானாக மிஞ்சினால்தான் அது அவர் உடம்பில் பிடித்தது.

அதனால் அவளுக்கு ஓய்வில்லாமல் போயிற்று. கட்டை விரல்கள், ஒரு முழங்கை, தோள்பட்டையில் ஒரு கை அகலம் என்று வருஷத்துக்கு இரண்டு மூன்று இடம் போய்க்கொண்டே இருந்தது. எது, எப்போது என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. சோப்புப் போடும்போது போகும், செய்தித்தாள் புரட்டும்போது போகும். மிச்சம் வேண்டுமென்றால் வேலை வேண்டும். பிடிக்காத வேலையெல்லாம் எடுத்தாள். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் குடை வடிவத்தில் சாவிக்கொத்து வளையம், பல் டாக்டருக்குச் சிரிக்கிற கடைவாய்ப்பல், யாருடைய நாய்க்கோ பெயர்ப்பலகை. இதில் இன்னொரு வினை, கை பழகப் பழக அவளுக்கு ஓரம் மிஞ்சுவது குறைந்துகொண்டே வந்தது. கெட்டிக்காரி ஆக ஆகப் புருஷனுக்குப் பற்றாக்குறை. அந்தந்த வருஷம் எந்த நிறம் ஓடியதோ அந்த நிறத்தில் அவர் ஆனார். இன்சூரன்ஸ் கம்பெனியின் நீலத்தில் ஒரு மணிக்கட்டு, பல்வெள்ளையில் ஒரு குதிகால்.

மெக்கானிக் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. களிமண் விரல்களில் கரண்ட் பாயாது என்று தெரிந்ததும் கம்பெனியில் அவரைத்தான் எல்லா ஆபத்தான இடத்துக்கும் அனுப்பினார்கள். மேலதிகாரி அவர் கையைப் பார்த்து, இது கம்பெனி விதியில் வராதே என்று கொஞ்ச நேரம் யோசித்தார், பிறகு கையுறைப் படியை நிறுத்திவிட்டு அதோடு விட்டுவிட்டார். வெயிலில் வேலை பார்த்துவிட்டு வந்தால் அவரிடமிருந்து லேசாகப் புது செருப்பு வாசனை வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நெஞ்சு போனபோதுதான் கம்மல்காரிக்குத் தைரியம் விட்டுப்போயிற்று. சட்டை மாற்றும்போது நடுநெஞ்சில் கிண்ணம் கவிழ்த்த அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது, உள்ளே இருட்டாக இருந்தது. அவர் சட்டைக் கையில் கையை நுழைத்தபடியே, குளிர்காற்று வருகிறது, ஜன்னலைச் சாத்து என்றார். இருந்த டப்பாக்கள் எல்லாவற்றையும் கொட்டி, நிறம் பார்க்காமல் பிசைந்தாள். பழைய துண்டுகள் உலர்ந்து பொடிந்தன. எண்ணெய் விட்டுப் பிசைந்தாள். மணிக்கட்டு வீங்கும்வரை பிசைந்து, சேற்று நிறத்தில் ஒரு உருண்டை பண்ணிச் சுட்டு உள்ளே வைத்து, மேலே ஒரு தகடு போட்டு மூடினாள். டாக்டர் குழலை வைத்துக் கேட்டார், இடம் மாற்றிக் கேட்டார். "சத்தம் எதுவும் இல்ல. ஆனா ஆள் உட்கார்ந்து என்கிட்ட கிரிக்கெட் பேசிட்டு இருக்கார். நான் என்னன்னு எழுதறது?" என்றார். எதுவும் எழுதவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துடைப்பதை நிறுத்திவிட்டு, "அண்ணி, அடைக்கறேன் அடைக்கறேன், ஓட்டை பெரிசாயிட்டே போகுது. என்னால முடியல" என்றாள்.

டெலிபோன் அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார். "அடைக்கறதுக்கு உன் கையில ஏதோ ஒண்ணு இருக்கு. எங்க வீட்டுக்காரர் போறப்ப நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல வெறுங்கைய வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்டி." பிறகு துணியை அவளிடமிருந்து வாங்கி அடுப்பை அவரே துடைத்து முடித்தார்.

அதற்கு அடுத்த வருஷம் வலது கால் போயிற்று, விரலிலிருந்து தொடை வரைக்கும் ஒரே போக்காக. வீட்டில் இருந்த மிச்சம் கணுக்காலுக்குக்கூடக் காணாது. டெலிபோன் அக்கா பழைய தொழில் தர்மப்படி தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டார். கம்மல் செய்கிற பெண்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள், எல்லோர் வீட்டிலும் மேஜைக்கடியில் எறிய மனமில்லாத ஒரு டப்பா இருக்கும். பார்சல்கள் வர ஆரம்பித்தன. தபால்காரர் மூச்சு வாங்க மாடியேறி, என்னம்மா, ஊர் மண்ணையெல்லாம் வரவழைக்கிறீர்களா என்று கேட்டார். கம்மல்காரி வந்ததையெல்லாம் பிசைந்து, கால் அந்தச் சின்ன அடுப்பில் அடங்காது என்பதால் பாதம், கணுக்கால், முழங்கால், தொடை என்று துண்டு துண்டாகச் சுட்டுப் பொருத்தினாள். ஒரு பார்சலில் வந்த நீலத்துண்டு ஒன்று மட்டும் எவ்வளவு எண்ணெய் விட்டும் இளகவில்லை. அதை அப்படியே கணுக்கால் எலும்பின் இடத்தில் பதித்துவிட்டாள். மெக்கானிக் எழுந்து நடந்தார். கொஞ்சம் கனமாக இருக்கிறது, மற்றபடி பிரமாதம் என்றார்.

பத்துப் பதினைந்து நாள் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒருநாள் பகலில் போன் வந்தது. ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்கப் போனவர், ஏதோ ஒரு ஊரில், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "நான் வரல, கால்தான் வந்துச்சு. பஸ் மாறி மாறி ஏறிச்சு. திரும்பலாம்னா இடது கால் மட்டும் திரும்புது," என்றார். "உள்ள ஒரு அம்மா இருக்காங்க. போலீசைக் கூப்பிடுவேன்னு சொல்றாங்க. நீ கொஞ்சம் வந்துடேன்."

கம்மல்காரி போய்ச் சேர்ந்தபோது சாயங்கால வெயில் தெருவில் நீளமாகக் கிடந்தது. மெக்கானிக் வாசற்படியில் வலது காலைக் கதவின் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுக்காரி ஒரு கேக் கடை நடத்துபவள். கழுத்தில் மாவு ஒட்டியிருந்தது, கையில் விளக்குமாறு இருந்தது. கம்மல்காரி நடந்ததையெல்லாம் சொன்னாள், சொல்லும்போதே இதை யார் நம்புவார்கள் என்று அவளுக்குக் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் பேச்சை விட்டுவிட்டு, குனிந்து அவருடைய கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக் காட்டினாள்.

கேக் கடைக்காரி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கணுக்காலில் இருந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு சின்னக் குழி இருந்தது, குழியில் ரேகை இருந்தது. கம்மல்காரி அதைக் கவனித்திருக்கவில்லை.

"இது எம்பொண்ணு விரல்," என்றாள் கேக் கடைக்காரி.

பெண்ணுக்கு ஒன்பது வயது. பொம்மை வீட்டுக்குத் தட்டும் கிண்ணமும் செய்துகொண்டிருந்தாள். நீலத்தில் ஒரு கெண்டி செய்ய ஆரம்பித்த வாரம் காய்ச்சல் வந்தது. மிஞ்சிய களிமண்ணை வீட்டில் வைத்திருக்கவும் முடியவில்லை, குப்பையில் போடவும் முடியவில்லை. யாரோ ஒரு அக்கா சத்தமாகப் போன் செய்து, எங்களுக்கு மிச்சம் வேண்டும் என்று கேட்டார். கேட்டவுடன் பார்சல் கட்டி அனுப்பிவிட்டாள். தபாலாபீசிலிருந்து வீடு வந்து சேருவதற்குள் அனுப்பியிருக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. இதையெல்லாம் அவள் கணுக்காலைப் பார்த்தபடியே சொன்னாள். பிறகு நிமிர்ந்து, "அதைத் திருப்பிக் குடுத்துடுங்க," என்றாள்.

"கழட்டினா கணுக்காலே போயிடும்மா. மறுபடி நடக்க முடியாது."

"எனக்கு அது வேணும்."

"இவரு எப்படி வீட்டுக்கு வருவாரு?"

"என் பொண்ணு எப்படி வருவா?" என்றாள் கேக் கடைக்காரி. சண்டைக்காகக் கேட்கவில்லை. கம்மல்காரியிடம் பதில் இருக்கலாம் என்று நினைத்தவள்போலத்தான் கேட்டாள்.

மூன்று பேரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மெக்கானிக் தன் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். "எடுத்துக்கட்டும்மா. அவங்களுதுதானே," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, நீலத்துண்டின் ஓரத்தில் முனையை வைத்தார். கம்மல்காரி அவர் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்கத் தனக்கு என்ன நியாயம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

கேக் கடைக்காரிதான் அவர் கையைத் தட்டிவிட்டாள். தன் கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தாள். அது பெரிதாக இருந்ததால் சுண்டுவிரலை வைத்தாள், அதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. அப்படியே வைத்திருந்தாள். "சூடா இருக்கு," என்றாள். பிறகு எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வாரம் ஒரு தடவை அனுப்பி வைங்க. உட்கார்ந்துட்டுப் போகட்டும்," என்றாள்.

அப்படித்தான் வழக்கமாயிற்று. வியாழக்கிழமை தோறும் கால் அவரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறும். அவர் கேக் கடையின் பின்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கேக் கடைக்காரி வேலைக்கு நடுவே முக்காலியைப் போட்டுக்கொண்டு கணுக்காலிடம் பேசுவாள்; பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் பெரிய பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், இப்படி. அவர் காதில் விழும், ஆனால் விழாத மாதிரி பக்கத்தைத் திருப்புவார். மாலை திரும்பி வரும்போது கையில் உடைந்த கேக் ஒரு பொட்டலம் இருக்கும். கம்மல்காரிக்கு முதலில் வயிற்றெரிச்சலாக இருந்தது. தன் புருஷனின் கால் ஒன்று வேறொரு வீட்டுக்குப் பாத்தியப்பட்டது என்பதை எந்தப் பெண்தான் தாங்குவாள்? போகப் போக வியாழக்கிழமைகளில் அவரது சட்டையை இஸ்திரி போட்டு வைக்க ஆரம்பித்தாள்.

வருஷங்கள் ஓடின. டெலிபோன் அக்கா ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே, லைன் அறுந்தது மாதிரி போய்ச் சேர்ந்தார். அவருக்கு மிச்சம் எதுவும் தேவைப்படவில்லை, முழுசாகவே போனார். மெக்கானிக்கின் இடது கால் மாறியது, முதுகு மாறியது, மூக்கு, உதடு, கண் இமை எல்லாம் மாறின. கடைசியாக அவருடையது என்று எஞ்சப்போகிற துண்டு எதுவாக இருக்கும் என்று கம்மல்காரி உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தாள். அது போகும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும், ஏதாவது சொல்ல வேண்டும், குறைந்தபட்சம் தொட்டுக்கொண்டாவது இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். நடந்தது அப்படியில்லை. ஒருநாள் அவர் முதுகில் சோப்புத் தேய்த்துவிட்டுக் கொண்டிருந்தபோது வலது அக்குளுக்குக் கீழே, பழைய தழும்பு இருந்த இடத்தில், பச்சைக் கோடு ஓடியதைப் பார்த்தாள். அதை அவள் செய்ததாக ஞாபகமே இல்லை. ஏதோ ஒரு அவசரத்தில் மற்ற துண்டுகளோடு சேர்த்து அப்பியிருக்கிறாள். தலை முதல் கால்வரை தேடினாள். பழைய மனிதர் எங்கும் இல்லை. எப்போது போனார் என்றும் தெரியவில்லை. அன்று அவள் குழாயை மூடாமலே குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் நனைந்தபடி நின்று, "ஏம்மா, வழுக்கி விழுந்துட்டியா?" என்று கேட்டார். அந்தக் குரலும் அவள் சுட்டதுதான்.

அதற்குப் பிறகு அவள் அவரை ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டிருந்தாள், வாடகைக்கு வந்த ஆளைக் கவனிப்பதுபோல. டீயை அதே மாதிரி ஊதிக் குடித்தார். சுவிட்சை அதே மாதிரி இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். அதெல்லாம் பழக்கம், களிமண்ணுக்கும் பழக்கம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவரிடம் கேட்கவும் முடியவில்லை. என்னவென்று கேட்பது?

ஒரு வியாழக்கிழமை கால் இழுக்கவில்லை. காலையிலிருந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார், கால் அசையாமல் மற்ற காலைப் போலவே கிடந்தது. தட்டிப் பார்த்தார். நீலத்துண்டில் ரேகை தேய்ந்து மழுங்கிப்போயிருந்தது. அத்தனை வருஷம் ஒரு விரல் தடவினால் எதுதான் தேயாது? கம்மல்காரி, சரி, அந்த உறவு விட்டது என்று நினைத்து இஸ்திரி போட்ட சட்டையைத் திரும்ப அலமாரியில் வைக்கப் போனாள்.

"அதை இப்படிக் குடு," என்றார்.

"கால்தான் இழுக்கலையே. எதுக்குப் போறீங்க?"

"அந்தம்மா முக்காலி போட்டுக்கிட்டுக் காத்துட்டு இருப்பாங்க."

"போய் என்ன பண்ணுவீங்க?"

அவர் பொத்தான் போட்டுக்கொண்டே யோசித்தார். "என்ன பண்றது? உட்கார்ந்துட்டு வருவேன்," என்றார். கனமான காலைத் தானே தூக்கித் தூக்கி வைத்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார். அவர்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

கம்மல்காரி ஜன்னலில் நின்று, அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்தாள். பிறகு வந்து மேஜையில் உட்கார்ந்தாள். இன்னொரு நாய்ப் பெயர்ப்பலகை வேலை பாதியில் இருந்தது. அந்தச் சமயம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஏதோ இரவல் கேட்டு வந்தவள், சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, "உங்க வீட்டுக்காரர்..." என்று இழுத்தாள்.

"இருக்கார்," என்றாள் கம்மல்காரி. "வெளிய போயிருக்கார். சாயங்காலம் வந்துடுவார்."